இடது பக்கமாகத் துப்புகிறவன்

முன்னறையின் நடுவே ஒரு பழைய திரைச்சீலை தொங்கும். திரைக்கு இந்தப் பக்கம் ஜன்னலோரமாக என் தையல் மெஷின். அந்தப் பக்கம் ஓடாத மெஷின்களுக்கான ஆஸ்பத்திரி. எனக்கு இந்தப் பாதியை வாடகைக்கு விட்ட வீட்டுச் சொந்தக்காரன்தான் அதற்கு டாக்டர். பெல்ட் அறுந்தது, நூல் சிக்கியது, சக்கரம் துருவேறி இறுகியது என்று யார் எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் ஆள் முகத்தைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்து, "பாத்துக்கலாம்" என்பான். அதுவே அவனுக்குப் பெயராகிவிட்டது. தபால்காரர்கூட "பாத்துக்கலாம் இருக்காரா?" என்றுதான் கேட்பார்.

எனக்குப் பிள்ளை கிடையாது. அதனால்தான் பிள்ளை வளர்ப்பில் எனக்குத் தெரியாத விஷயமே இல்லை என்று அவன் கிண்டல் செய்வான். நானும் விடமாட்டேன். கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டே யோசனை சொல்வேன். அந்த மழைக்காலத்தில் நான் சொன்ன யோசனைகளில் ஒன்றுகூட உருப்படவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவன் மனைவிக்குத் தேயிலைக் கம்பெனியில் ருசி பார்க்கிற வேலை. நீள மேஜையில் வரிசையாகக் கோப்பைகள் இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து, அடுத்த அறைக்குக் கேட்கிற மாதிரி சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் உருட்டி, பக்கத்தில் இருக்கிற தொட்டியில் துப்பிவிட வேண்டும். விழுங்கக் கூடாது. துப்பிய கையோடு, இந்த இலை மழையில் நனைந்தது, இது சூட்டில் கொஞ்சம் கூடுதலாகக் காய்ந்தது என்று சொல்ல வேண்டும். அவள் சொல்வதை வைத்துத்தான் எந்த மூட்டையை எதோடு கலப்பது என்று முடிவாகும். அந்த நாக்குக்காக அவள் மிளகாயை விட்டாள், பச்சை வெங்காயத்தை விட்டாள், வாசனை சோப்பையும் விட்டாள். அதே கம்பெனியில் கோப்பை கழுவுகிறவளாகச் சேர்ந்து, கழுவுவதற்கு முன் மிச்சத்தை ருசி பார்த்துப் பழகி, மெல்ல மெல்ல அந்த மேஜைக்கு வந்தவள். தெருவில் அவளுக்கு ருசிக்காரி என்று பெயர்.

அவர்கள் பிள்ளைக்கு ஜட்ஜ் என்று பெயர் வைத்தது நான். சிரிக்க மாட்டான். மடியில் நிமிர்ந்து உட்கார்ந்து எதிரில் இருப்பவரை ஏற இறங்கப் பார்ப்பான். நமக்கே நாம் என்ன தப்பு செய்தோம் என்று சந்தேகம் வந்துவிடும்.

அந்த ஜட்ஜ்தான் சாப்பாட்டை எல்லாம் தள்ளுபடி செய்துகொண்டிருந்தான். பல் முளைக்கத் தொடங்கிவிட்டது. கிளினிக்கில் எடை போட்ட நர்ஸ், "போன தடவ இருந்த எடையேதான் இருக்கான். தாய்ப்பால் குடுங்க, நிறுத்த வேண்டாம். ஆனா இனி அது மட்டும் பத்தாது. மசிச்சுக் குடுக்க ஆரம்பிங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ருசிக்காரியின் விடுமுறையும் முடியப் போகிறது. புட்டியைக் கண்டால் ஜட்ஜ் வாயை இறுக மூடிக்கொள்வான். கிண்ணத்தில் எது கொடுத்தாலும் துப்பினான். இப்படி இருக்கிற பிள்ளையைப் பகல் முழுவதும் விட்டுவிட்டு எப்படி வேலைக்குப் போவது?

ஒத்தாசைக்கு என்று வந்திருந்தாள் பாத்துக்கலாமின் அக்கா. மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள், பள்ளிக்கூட விடுதி ஒன்றில் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். வந்த அன்றே அடுப்படியைக் கையில் எடுத்துக்கொண்டாள். உருளைக்கிழங்கை வேகவைத்து, தோலுரித்து, சல்லடையில் தேய்த்து வெண்ணெயாக்குவாள். பூசணியை ஆவியில் வைப்பாள். சோற்றைக் குழைய விட்டு, பருப்புத் தண்ணீர் ஊற்றி, விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்ப்பாள். ஒரு திப்பி தட்டுப்பட்டாலும் மறுபடி மசிப்பாள். எனக்கே வாயூறும்.

"அக்கா, ஜட்ஜுக்கு வேண்டாம்னா இந்தப் பக்கம் ஒரு கை அனுப்புங்க" என்பேன்.

"உனக்குப் பல்லு இருக்குல்ல, போய் மென்னு தின்னு" என்பாள்.

ஊட்டும்போது தாய் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது அவள் சட்டம். பால் வாசனை பட்டால் பிள்ளை அதைத்தான் கேட்பானாம். நானும் அதை ஆமோதித்தேன். கிண்ணம் வந்ததும் ருசிக்காரி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட வேண்டும். அவள் போவாள். உள்ளே ஜட்ஜ் வாயைத் திறந்து வாங்கிக்கொள்வான். அதுதான் வேடிக்கை. மறுக்க மாட்டான், அழ மாட்டான். வாங்கி, வாயில் வைத்து உருட்டி, தலையைத் திருப்பி, த்தூ என்று வெளியே தள்ளிவிடுவான். பிறகு அடுத்த கரண்டிக்கு வாயைத் திறப்பான். அக்காவின் புடவைதான் நாசமாகும்.

"உப்பு இல்லாதது பிடிக்கலையோ என்னமோ" என்றேன் நான்.

"பச்சப் புள்ளைக்கு உப்பு போடச் சொல்றியா? நீ உன் தையல பாரு."

"வாழப்பழம்?"

"காலையில அதையும்தான் துப்பினான்."

பாத்துக்கலாம் திரைக்குப் பின்னால் இருந்து எண்ணெய்க் குப்பியும் கையுமாக எட்டிப் பார்த்து, "பாத்துக்கலாம்க்கா" என்றான்.

"நீ பாத்துக்கிட்டேதான் இருப்ப. எந்திரிச்சு அந்தத் துணியக் கொண்டா."

ஒருநாள் நான் கை கழுவக் கொல்லைக்குப் போனபோது ருசிக்காரி தகரக் கூரைக்குக் கீழே நின்றிருந்தாள். மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. கொடியில் போட்ட துணிகள் மூன்றாவது நாளாகக் காயவில்லை. உள்ளே த்தூ என்ற சத்தம் கேட்டது. அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"டெய்லரக்கா, ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டீங்களே."

"சொல்லும்மா."

"அவன் துப்புறப்ப வயிறு எரியுது. எடை ஏறலையேன்னு பயமா இருக்கு. ஆனா அதே நேரத்துல உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷமும் வருது. இன்னும் நான்தான் வேணும்ங்கறானேன்னு. இதென்ன புத்தின்னு எனக்கே அசிங்கமா இருக்கு."

நான் கொடியில் கிடந்த ஈரத்துணி ஒன்றை எடுத்துப் பிழிந்து மறுபடி போட்டேன்.

"வேலைய விட்டுரலாம்னும் தோணுது. அப்புறம் அந்த மேஜைய நெனச்சா தூக்கம் வர மாட்டேங்குது. அதுக்கு வர்றதுக்கு நான் எத்தன கோப்ப கழுவியிருப்பேன். சோத்துக்குப் பழகிட்டான்னா என்னத் தேடுவானா, சொல்லுங்க."

"தேடாம எங்க போவான்?" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? சும்மா சொன்னதுதான்.

அன்றைக்கு மத்தியானம் அக்கா தன் பையிலிருந்து சின்னக் குப்பி ஒன்றை எடுத்து வந்தாள். மூடியைத் திறந்ததும் என் வரைக்கும் வாடை அடித்தது. ஏதோ கசப்பு எண்ணெய்.

"இத மார்ல தடவிக்கோம்மா. ஒரு நாள் அழுவான். மறுநாள் பசி தாங்காம தன்னால கிண்ணத்துக்கு வந்துருவான்."

ருசிக்காரி குப்பியைத் தொடவில்லை. "அண்ணி, நீங்க எது சொன்னாலும் செய்யறேன். இது மட்டும் வேண்டாம்."

"நாங்கல்லாம் இப்படித்தான் செஞ்சோம்."

"இருக்கட்டும் அண்ணி. என்னால முடியாது."

"வேலைக்கும் போகணும், பாலும் நிறுத்தக் கூடாது. மனசு வைக்கணும்மா. உனக்கு மனசு இல்ல."

ருசிக்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாத்துக்கலாம் ஒரு மெஷினின் சக்கரத்தைச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தான். அக்கா குப்பியைக் கூரை மேல் எறியவும் இல்லை, பையில் போடவும் இல்லை, அலமாரித் தட்டில் கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிட்டுப் போனாள். இரண்டு நாள் அந்த வீட்டில் பெண்கள் இருவரும் பாத்திரங்கள் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி ணங்கென்று வைத்தால் மற்றவள் டங்கென்று வைப்பாள்.

சனிக்கிழமை பிற்பகல் கம்பெனியிலிருந்து பெரியவர் வந்தார். தலைமை ருசிபார்ப்பவர். மெலிந்த ஆள், சட்டை மடிப்புக் கலையாமல், குடையை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். அக்கா சட்டென்று நடுக்கூடத்து மேஜையைத் துடைத்தாள்.

"திங்கக்கிழம புது இலை வருதும்மா" என்றார் அவர். "மேஜைக்கு ஆள் வேணும். மேல இருக்கறவங்க வேற ஒரு பையனப் போடலாம்ங்கறாங்க. இத்தன மாசம் வீட்ல இருந்தவளுக்கு நாக்கு மழுங்கியிருக்கும்னு பேச்சு. நான் நேர்ல பாத்துட்டு வந்து சொல்றேன்னேன்."

பையிலிருந்து காகிதப் பொட்டலங்களை எடுத்து வைத்தார். பெயர் எதுவும் எழுதவில்லை. ருசிக்காரியின் முகம் மாறியது. அதுவரை நான் அப்படி அவளைப் பார்த்ததில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு போய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள், ஒரே அளவான கோப்பைகளை எடுத்து அடுக்கினாள், இலையைக் கையாலேயே நிறுத்துப் போட்டாள். இடது கைப்பக்கம் ஒரு தகர டப்பாவை வைத்துக்கொண்டாள்.

ஜட்ஜுக்கு அது சாப்பாட்டு நேரம். பசியில் முனகத் தொடங்கினான். வெளி ஆள் இருக்கும்போது தம்பி மனைவியைப் பார்த்து 'நீ கொல்லைக்குப் போ' என்று அக்காவால் சொல்ல முடியவில்லை. மேஜைக்கு மறுபக்கம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, உருளைக்கிழங்கு மசியலோடு உட்கார்ந்தாள். நான் திரையை விலக்கி வைத்துக்கொண்டேன். தைப்பதாக ஒரு பேர்.

முதல் கோப்பை. ருசிக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். சர்ர் என்று இழுத்தாள். கன்னம் உள்ளே போய் வெளியே வந்தது. இடது பக்கம் திரும்பி டப்பாவில் துப்பினாள். "இது சாயங்காலம் பறிச்சது. அடுக்கி வச்ச எடத்துல ஈரம் இருந்திருக்கு."

பெரியவர் தலையசைத்தார். அக்கா ஜட்ஜின் வாயில் கரண்டியை வைத்தாள்.

ஜட்ஜ் தாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கரண்டியைச் சர்ரென்று ஒரு இழுப்பு இழுத்தான். கன்னத்தை உருட்டினான். கண்ணை மூடினான். இடது பக்கமாகத் தலையைத் திருப்பி, த்தூ என்றான்.

பெரியவர் இரண்டாவது கோப்பையைத் தாமே எடுத்து உறிஞ்சினார். அவர் வலது பக்கம் துப்புகிறவர். ருசிக்காரி இடது பக்கம் துப்பினாள். ஜட்ஜ் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மசியலை இடது பக்கம் துப்பிவிட்டு, அடுத்த கோப்பை எங்கே என்பதாக வாயைத் திறந்தான்.

"இவன் எந்தக் கம்பெனியில வேலை பாக்கறான்?" என்றார் பெரியவர்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்துவிட்டது. பாத்துக்கலாம் எண்ணெய்க் குப்பியோடு வந்து நின்று மகனை வெகு நேரம் பார்த்தான்.

"அக்கா, அவன் வேண்டாம்னு துப்பல" என்றான். "கரண்டின்னா துப்பறதுக்குன்னு நெனச்சிட்டிருக்கான்."

ருசிக்காரி கரண்டியைக் கீழே வைத்தாள். "தெனம் விடியக்காலம் கதவச் சாத்திக்கிட்டு நான் பழகுவேன்ங்க. நாக்கு மறந்துரக் கூடாதுன்னு. இவன் முழிச்சுக்குவான், மடியில வச்சுக்குவேன். பால் குடுக்கறவ, ஒரு சொட்டு உள்ள போகக் கூடாதுன்னு நல்லா உறிஞ்சித் துப்புவேன். கண்ண மூடிக்குவேனா, இவன் என்னப் பாத்துக்கிட்டு இருக்கான்னே எனக்குத் தெரியாது."

ருசிக்காரி பழகுவதை அக்கா பார்த்ததில்லை, அந்நேரம் அக்கா பால் வாங்கப் போயிருப்பாள். அக்கா ஊட்டுவதைத் தாய் பார்த்ததில்லை, அவளைத்தான் கொல்லைக்கு விரட்டிவிட்டோமே. ஜட்ஜ் மட்டும்தான் இரண்டையும் பார்த்தவன். பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளை ஒரு மனுஷி கரண்டியை வைத்துக்கொண்டு விழுங்கிப் பார்த்ததே இல்லை. பெரியவர்கள் சாப்பிடும் நேரம் அவன் தூங்குவான். தாயோ அடுப்படியில் நின்ற வாக்கில், சுவரைப் பார்த்துக்கொண்டு, அவன் எழுந்துவிடுவானோ என்று அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்கிறவள்.

பெரியவர் மிச்சக் கோப்பைகளையும் பார்க்கச் சொன்னார். அவள் ஒன்றில்கூடத் தவறவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, "நாக்கு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிர்றேன். திங்கக்கிழம வந்துரும்மா. வரலேன்னா அப்புறம் என் கையில இல்ல" என்றார். வாசல் தாண்டியவர் திரும்பிப் பார்த்து, "அவனுக்கு ஒரு டப்பாவாவது வைங்க. பாவம், அந்தம்மா புடவைய கெடுக்கறான்" என்றார்.

அவர் போனதும் அக்கா புடவையைத் துடைத்துக்கொண்டே, "இதுக்குத்தான் நான் பூசணிய மூணு தடவ சலிச்சேனா" என்றாள். யாரையும் குற்றம் சொல்லவில்லை. அது அவளுக்குப் பெரிய விஷயம்.

அன்று முதல் சட்டம் மாறியது. கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் ஜட்ஜுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நானும் என் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன். பாத்துக்கலாம் எண்ணெய்க் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தான். ஒவ்வொரு வாய்க்கும் ஜட்ஜ் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தான். யாராவது எப்போது துப்புவார்கள் என்று காத்திருந்தான். ஒருத்தரும் துப்பாததில் அவனுக்கு எங்கள் மேல் அவ்வளவாக மரியாதை இல்லை. தன் பங்கை மட்டும் ஒழுங்காகத் துப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ருசிக்காரி பிள்ளையின் கிண்ணத்தையே வாங்கிக்கொண்டாள். "அண்ணி, நான் ஊட்டறேன்" என்றாள். அக்கா நகர்ந்து இடம் விட்டாள்.

அவள் ஒரு கரண்டி மசியலைத் தன் வாயில் போட்டாள். மெல்வதாகக் காட்டினாள். ஜட்ஜ் அவளுடைய இடது பக்கத்தைப் பார்த்தான். அவள் திரும்பவில்லை. மெதுவாக விழுங்கினாள், தொண்டை அசைந்தது. அவன் இன்னும் காத்திருந்தான். அவள் வாயைத் திறந்து காட்டினாள். ஒன்றுமில்லை. அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு விரலை அவள் வாய்க்குள் விட்டு, நாக்குக்கு அடியில், கன்னத்துக்குள் எல்லாம் தேடிப் பார்த்தான். ருசிக்காரி பொறுமையாக வாயைத் திறந்தபடியே இருந்தாள், கண்ணில் மட்டும் நீர் கோத்துக்கொண்டது.

"உள்ள போயிருச்சுடா கண்ணு" என்றாள். "வயித்துக்குள்ள. அம்மா சாப்புட்டுட்டேன்."

அடுத்த கரண்டி அவனுக்கு. உறிஞ்சினான், உருட்டினான். தலை பாதி தூரம் இடது பக்கம் திரும்பியது. அங்கேயே நின்றது. தாயைப் பார்த்தான். அவள் மறுபடி விழுங்கிக் காட்டினாள். என் தொண்டையும் சேர்ந்து அசைந்தது. ஜட்ஜ் முகத்தைச் சுளித்து, உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கி, மடக்கென்று விழுங்கிவிட்டான். பிறகு துப்புவதற்காக வாயைத் திறந்தான். துப்ப ஒன்றும் இல்லை. குழம்பிப்போய் எங்கள் எல்லோரையும் பார்த்தான்.

"பாத்துக்கலாம்" என்றான் அவன் அப்பன்.

அன்றைக்குப் பாதிக் கிண்ணம் உள்ளே போனது, கால் கிண்ணம் பாயில் போனது. சாயங்காலம் அக்காவின் கையிலும் வாங்கிக்கொண்டான்.

திங்கட்கிழமை காலையில் ருசிக்காரி பால் கொடுத்துவிட்டு, தலையை வாரிக்கொண்டு புறப்பட்டாள். ஜட்ஜ் அக்காவின் மடியில் வாழைப்பழத்தோடு மும்முரமாக இருந்தான். வாசலில் நின்று இரண்டு தடவை கூப்பிட்டாள். ஏறிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி பழத்துக்குத் திரும்பிவிட்டான்.

"அழலையே" என்றாள் என்னிடம்.

"அழணும்னு ஆசையா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பகல் முழுவதும் ஜட்ஜ் ஒழுங்காகச் சாப்பிட்டான். அக்கா ஒவ்வொரு வேளையும் காலிக் கிண்ணத்தைத் திரையை விலக்கி எனக்குக் காட்டிவிட்டுப் போனாள். பிற்பகல் அவன் கதவுப் பக்கம் தவழ்ந்து போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். அவ்வளவுதான்.

மழை விட்டு மஞ்சள் வெயில் அடித்த நேரத்தில் ருசிக்காரி வந்தாள். ஓடி வந்திருக்கிறாள். ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது, பையை மார்போடு அணைத்து மறைத்துக்கொண்டிருந்தாள். "சாப்புட்டானா அண்ணி?"

"மூணு வேளையும். இப்பத்தான் கடைசியா பூசணி. வயிறு முட்ட இருக்கான்."

அவள் முகத்தில் சந்தோஷம்தான். அது பாதியில் நின்றதையும் பார்த்தேன். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்தாள். ஜட்ஜ் இருந்த இடத்திலிருந்து அவளைப் பார்த்தான். அவள் கை நீட்டவில்லை. நீட்டி அவன் வராமல் போனால் என்ன செய்வது என்று பயந்திருப்பாள். கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

ஜட்ஜ் தவழ்ந்து வந்தான். அவசரமே இல்லாமல், வழியில் கிடந்த நூல் கண்டு ஒன்றை விசாரித்துவிட்டு வந்தான். அவள் முழங்காலைப் பிடித்து எழுந்தான். முந்தானையை இழுத்து, முகத்தை உள்ளே புதைத்துக்கொண்டான். வயிறு முட்ட இருந்தவன் பட்டினி கிடந்தவனைப் போலக் குடித்தான். அவள் இரண்டு கையாலும் அவனைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

அக்கா காலிக் கிண்ணத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அலமாரித் தட்டில் இருந்த குப்பியை எடுத்தாள். எடுத்தவள் அங்கேயே நின்றாள்.

"எம் பெரியவனுக்கு இதத்தான் தடவினேன்" என்றாள். "விடுதியில காலைச் சமையலுக்குப் போகணும். வேற வழி தெரியல. வாய வச்சான், எடுத்துட்டான். அழக்கூட இல்ல. எம் மூஞ்சிய ஒரு பார்வ பாத்தான்."

திரைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது.

"மனசு கேக்கல. அன்னிக்குச் சாயந்தரமே சோப்பு போட்டுக் கழுவிட்டு அவனக் கூப்புட்டேன். வரல. மறுநாளும் கூப்புட்டேன். வரவே இல்ல." குப்பியின் மூடியைத் திருகி இறுக்கினாள். "குடும்மா. அவன் கேக்குற வரைக்கும் குடு. யார் என்ன சொன்னாலும் நிறுத்தாத. நானே சொன்னாலும்."

ருசிக்காரி தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள்.

"அண்ணி, கொஞ்சம் தண்ணி குடுங்களேன். காலையிலேர்ந்து துப்பிக்கிட்டே இருந்தேன், நாக்கு வறண்டு போச்சு."

அக்கா போய் டம்ளரில் கொண்டுவந்தாள். ருசிக்காரியின் இரண்டு கையும் பிள்ளையிடம் இருந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையை ஒரு கையால் தாங்கி, டம்ளரை அவள் வாயில் வைத்து மெதுவாகச் சாய்த்தாள். அவள் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.